ஆங்கிலத் துறை முதலாம் ஆண்டும் மொழியியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில் ஆங்கிலத்தைப் பட்டப் பாடமாக எடுத்திருக்கும் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு மொழியியல் கற்பிக்கிறேன். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை எனப் பல திசைகளிலிருந்தும் வரும் மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், புதிதாக வகுப்பெடுக்க வந்திருக்கும் உதவி விரிவுரையாளர்கள் ஆகியோர் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நான் ஆங்கில இலக்கியம் படிக்கத்தான் வந்தேன். மொழியியல் ஏன்?

உயர்தரத்தில் நீங்கள் படித்த ஆங்கிலம் பெரும்பாலும் கவிதையும் நாடகமும் நாவலும்தான். பாடசாலையில் மொழியியல் என்ற தனிப் பாடம் கிடையாது. ஆகவே முதல் வாரத்தில் வேறு ஏதோ வகுப்புக்குள் நுழைந்துவிட்டோமோ என்ற திகைப்பு பலருக்கும் வருகிறது.

பாடசாலை இலக்கணம் "இப்படிப் பேசு, அப்படிப் பேசாதே" என்று சொல்லும். மொழியியல், மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்து, அந்தப் பேச்சுக்குள் இருக்கும் விதியைத் தேடும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் சொசூரின் விரிவுரைகள் அவர் மறைந்த பின் 1916இல் நூலாக வந்தபோது, மொழியை ஓர் அமைப்பாகப் பார்க்கும் இந்தப் பார்வை பரவலாயிற்று. 1957இல் அமெரிக்க மொழியியலாளர் சொம்ஸ்கியின் தொடரியல் (வாக்கிய அமைப்பு) நூல் வெளிவந்த பிறகு, அந்த அமைப்பு பேசுபவரின் மனத்துக்குள் எவ்வாறு இருக்கிறது என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. முதலாம் ஆண்டுக்கு இவ்வளவு வரலாறு போதும். இலக்கியம் படிக்கவும் இது கைகொடுக்கும்: ஒரு வரி காதுக்கு ஏன் இனிக்கிறது, ஒரு வாக்கியம் ஏன் இரண்டு பொருள் தருகிறது என்பதை அபிப்பிராயமாக அல்லாமல் காரணத்தோடு சொல்ல முடியும்.

என்னென்ன பிரிவுகள் வரும்?

ஒலியியல் (ஒலிகள் வாயில் எப்படிப் பிறக்கின்றன), ஒலியனியல் (ஒரு மொழி எந்த ஒலிகளை வெவ்வேறாகக் கொள்கிறது), உருபனியல் (உருபன் எனப்படும், பொருள் தரும் மிகச் சிறிய பகுதிகள் எப்படிச் சொல்லாகின்றன), தொடரியல் (சொற்கள் எப்படி வாக்கியமாகின்றன), பொருண்மையியல் (பொருள்), சமூக மொழியியல் (மொழியும் சமூகமும்) ஆகியவை வரும். முதல் இரண்டுக்கும் அதிக நேரம் செலவிடுங்கள்; மற்றவை அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

என் ஆங்கிலம் சுமார்தான். இந்தப் பாடத்தில் தாக்குப்பிடிப்பேனா?

தாக்குப்பிடிப்பீர்கள். தோட்டப் பாடசாலையில் படித்துவிட்டு வந்த மாணவர், கண்டி நகரப் பாடசாலையிலிருந்து வந்தவரின் சரளத்தைக் கேட்டதும் பின்வரிசைக்குப் போய்விடுகிறார். இலக்கிய வகுப்பில் அந்தச் சரளம் ஓரளவு முன்னிலை தரலாம். மொழியியல் வகுப்பில் நிலைமை வேறு. இங்கே தேவைப்படுவது ஒப்பிடும் கண். வீட்டில் ஒரு தமிழ், பாடப்புத்தகத்தில் இன்னொரு தமிழ், கடைவீதியில் சிங்களம், வகுப்பில் ஆங்கிலம் என்று நாளெல்லாம் மாறி மாறிப் பேசும் பிள்ளையிடம் ஒப்பிடுவதற்கான சரக்கு ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ஒரே மொழியில் வளர்ந்தவர் புத்தகத்திலிருந்து தேடிப் பெற வேண்டியது அது.

விடை எழுத நீண்ட ஆங்கில வாக்கியங்கள் தேவையில்லை. அட்டவணை போடுங்கள், அதற்குக் கீழே குறுகிய வாக்கியங்களில் விதியை எழுதுங்கள். கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதப் பழகுங்கள்.

ஒலியன், மாற்றொலி வேறுபாடு எனக்குப் பிடிபடவே இல்லை.

பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். வரைவிலக்கணத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதால் இது விளங்காது. கல், பகல், தங்கம் என்ற மூன்று சொற்களையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கல்லில் வரும் ககரம் அழுத்தமாக வெடிக்கிறது. பகலில் காற்று உரசிக்கொண்டு மென்மையாகப் போகிறது. தங்கத்தில் குரல்வளை அதிர்கிறது. வாய் மூன்று விதமான ஒலிகளை எழுப்ப, காது ஒன்றையே கேட்கிறது, எழுத்தும் ஒன்றே. எந்த இடத்தில் எது வரும் என்பதை இடமே தீர்மானித்துவிடுவதால், அவை தமிழில் சொல்லின் பொருளை மாற்றுவதில்லை. ஆகவே அவை ஓர் ஒலியனின் மாற்றொலிகள். ஆங்கிலத்திலோ குரல்வளை அதிரும் ககரமும் அதிராத ககரமும் வெவ்வேறு ஒலியன்கள். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் வேறு சொல்லாகிவிடும்.

இனி எதிர்த்திசையில் பாருங்கள். ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன் பிடித்துக்கொண்டு, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள ஒருவர் குண்டூசிக்கான "பின்" என்ற சொல்லைச் சொன்னால் காகிதம் துள்ளும். "ஸ்பின்" என்று சொன்னால் அது ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. காகிதத்தைக் காட்டினால்தான் நம்புவார்.

வகுப்பில் சிங்கள நண்பர் இருந்தால் இன்னொன்றையும் கேளுங்கள். சிங்களத்தில் மலையைக் குறிக்கும் சொல்லையும் மரத்தின் அடிப்பகுதியைக் குறிக்கும் சொல்லையும் நாம் தமிழில் எழுதினால் இரண்டும் "கந்த" என்றே வரும். அவருக்கு அவை தெளிவாக இரண்டு சொற்கள். ஒன்றில் மூக்கொலி முழுதாக நிற்கிறது, மற்றதில் கண நேரம் தொட்டுவிட்டுப் போகிறது. தமிழ்க் காது முதலில் அதைப் பிடிக்காது. அவரைப் பலமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நம் காதை நம் மொழி எப்படிப் பழக்கி வைத்திருக்கிறது என்பது அப்போது தெரியும். ஒலியன் என்ற கருத்தின் மையம் அதுதான்.

எங்கள் வீட்டுப் பேச்சைக் "கொச்சை" என்கிறார்கள். வகுப்பில் அதை உதாரணமாகச் சொல்லலாமா?

சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கும்போது மாணவர்களின் குரல் இறங்கிப்போவது எனக்கு வேதனை தருகிறது. ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

எழுத்துத் தமிழில் வருகிறேன், போகிறேன், செய்கிறேன். மலையகத் தோட்டங்களில் வர்றேன், போறேன், செய்றேன். யாழ்ப்பாணத்தில் வாறன், போறன், செய்யிறன். மூன்றையும் பத்திகளாக எழுதிப் பாருங்கள். நிகழ்காலத்தைக் காட்டும் "கிற்" பேச்சில் சுருங்கி "ற்" மட்டும் நிற்கிறது. இரண்டு வட்டாரங்களிலும் அப்படியே. தன்மை ஒருமை விகுதியாக மலையகம் "ஏன்" என்பதை வைத்திருக்கிறது, யாழ்ப்பாணம் "அன்" என்பதை வைத்திருக்கிறது. நன்னூல் தன்மை ஒருமைக்குரிய விகுதிகளைச் சொல்லும்போது அன், ஏன் இரண்டையும் ஒரே வரிசையில் சேர்த்துத்தான் சொல்கிறது. இதில் உடைந்தது எது? கெட்டுப்போனது எது? எந்த வினைச்சொல்லைக் கொடுத்தாலும் இரு ஊர்ப் பிள்ளைகளும் தத்தம் விதிப்படி தவறாமல் சொல்லிவிடுவார்கள். விதி இல்லாத பேச்சில் அது நடக்காது.

எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் இடையிலுள்ள இந்தத் தூரம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. சிங்களத்திலும் அது உண்டு. இதனை இரட்டை வழக்கு என்ற தலைப்பில் 1959இல் பெர்குசன் என்ற மொழியியலாளர் எழுதிய கட்டுரை, அரபு, நவீன கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டியின் கிரியோல் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கியது. எந்த வழக்கு மதிப்புக்குரியது என்று முடிவெடுப்பது சமூகம். அந்தத் தீர்ப்பை மொழியின் இலட்சணமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தோட்டத்துப் பேச்சின் மீது விழுந்த இழிவு, தோட்டத்து மக்கள் மீது விழுந்த இழிவின் நீட்சிதான். முதலாம் ஆண்டிலேயே இதை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பரீட்சையில் வரைவிலக்கணங்கள் கேட்கப்படுமா?

உதவி விரிவுரையாளர்களுக்கும் சேர்த்தே இதற்குப் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் வினாத்தாள் தயாரிக்கும்போது எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். "உருபன் என்றால் என்ன?" என்று கேட்பது எளிது, திருத்துவது அதைவிட எளிது. ஆனால் முந்தைய நாள் இரவு குறிப்பை மனனம் செய்தவருக்கும் ஒரு பருவம் முழுக்கச் சிந்தித்தவருக்கும் ஒரே புள்ளி விழுகிறது. கடந்தகால வினாத்தாள்கள் கைமாறும் விடுதிகளில் இப்படிப்பட்ட வினாக்களுக்கு ஆயுள் ஒரு வருடம்தான்.

மொழியியலிலேயே இதற்கு நல்ல வழிகாட்டல் இருக்கிறது. 1958இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர், சிறு பிள்ளைகளுக்கு உலகில் இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டி, அதற்கு "வக்" என்று பெயர் சொன்னார். பிறகு அதே பிராணி இரண்டாக இருக்கும் படத்தைக் காட்டி, இவை என்ன என்று கேட்டார். பிள்ளைகள் ஆங்கிலப் பன்மை விகுதியைச் சரியான ஒலியோடு சேர்த்துச் சொன்னார்கள். அந்தச் சொல்லை அவர்கள் அதற்கு முன் கேட்டிருக்கவே முடியாது. ஆகவே அவர்களுக்குத் தெரிந்திருந்தது விதி. மனனம் செய்த பட்டியல் அல்ல.

நம் பரீட்சையும் அப்படித்தான் அமைய வேண்டும். மாணவர் முன்பு பார்த்திராத தரவைக் கொடுங்கள். அதில் விதியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு புதிய சொல் ஒன்றைக் கொடுத்து, விதிப்படி அது எப்படி மாறும் என்று கேளுங்கள். அப்போதுதான் கற்பித்தது போய்ச் சேர்ந்ததா என்று தெரியும். தொடர் மதிப்பீட்டில் கலைச்சொற்களுக்கு ஒரு சிறு பகுதி வைக்கலாம். இறுதிப் பரீட்சையில் அதற்கு இடம் வேண்டாம் என்பது என் கருத்து.

அப்படியொரு மாதிரி வினாவைக் காட்ட முடியுமா?

தோட்டத்தில் மூத்தவர்களின் பேச்சில், ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்கள் எப்படி ஒலிக்கின்றன என்று பாருங்கள். இரண்டு தொகுதிகள் தருகிறேன்.

முதல் தொகுதி: ஸ்கூல் இஸ்கூலாகிறது, ஸ்டேஷன் இஸ்டேஷனாகிறது, ஸ்பூன் இஸ்பூனாகிறது. தேயிலைத் தொழிற்சாலைக்குத் தோட்டத்தில் வழங்கும் ஸ்டோர், இஸ்டோராகிறது.

இரண்டாம் தொகுதி: ஸ்லேட் சிலேட்டாகிறது, ஸ்லிப்பர் சிலிப்பராகிறது. நுவரெலியாக் குளிருக்குப் போடும் ஸ்வெட்டர் சுவெட்டராகிறது.

வினா: இரண்டு தொகுதிகளும் ஏன் வேறுபடுகின்றன? ஸ்பானர், ஸ்லைட் ஆகிய சொற்கள் எப்படி மாறும்?

முதலில் எல்லா மாணவர்களும் எழுதுவது, "சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து வருவதைத் தமிழ் ஏற்பதில்லை, எனவே ஓர் உயிர் சேர்கிறது" என்பது. இது சரி, ஆனால் பாதி வழிதான். உயிர் எங்கே சேர்கிறது என்பதுதான் கேள்வி. முதல் தொகுதியில் அது முன்னால் வந்து நிற்கிறது. இரண்டாவதில் இரண்டு மெய்களுக்கும் நடுவே புகுகிறது. இப்போது "ஸ்" என்பதை அடுத்து வரும் ஒலியைக் கவனியுங்கள். க், ட், ப் ஆகியவற்றில் வாயில் காற்று முழுவதுமாக அடைபடுகிறது. அங்கே உயிர் முன்னால் வருகிறது. ல், வ் ஆகியவற்றில் காற்று முழுவதுமாக அடைபடாமல் ஓடுகிறது. அங்கே உயிர் நடுவே வருகிறது. ஆகவே ஸ்பானர் இஸ்பானராகும், ஸ்லைட் சிலைட்டாகும்.

எகிப்திய அரபு பேசுவோரிடமும் ஏறத்தாழ இதே ஒழுங்கைக் காணலாம். ஆங்கிலத்தின் ஸ்டடியை அவர்கள் இஸ்தடி என்றும், ஸ்லைடை சிலைட் என்றும் ஒலிக்கிறார்கள். தோட்டத்து லய வீட்டில் வாழும் ஒரு பாட்டியும் கெய்ரோவில் உள்ள ஒருவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே நுணுக்கத்தைப் பின்பற்றுகிறார்கள். "சரியாக உச்சரிக்கத் தெரியவில்லை" என்று ஒதுக்கப்பட்ட உச்சரிப்புக்குள் இவ்வளவு ஒழுங்கு இருக்கிறது. இந்த வினா வகுப்பில் வரும் நாளில், வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள்; தங்கள் அப்பாயி சொல்லும் வேறு சொற்களைக் கொண்டுவந்து விதியைச் சோதிக்கிறார்கள். சில சொற்கள் விதிக்கு அடங்காமல் நிற்கும். அவற்றைப் பலகையிலேயே வைத்துக்கொண்டு காரணம் தேடுவது நல்ல வகுப்புக்கு அடையாளம்.

இதற்கு எப்படிப் புள்ளி வழங்குவது?

பத்துப் புள்ளிகள் என்றால், சொற்களைச் சரியாகப் பிரித்ததற்கு இரண்டு, விதியைச் சொன்னதற்கு மூன்று, புதிய சொற்களை ஊகித்ததற்கு இரண்டு, ஒலிகளின் இயல்போடு சேர்த்துக் காரணம் காட்டியதற்கு மூன்று என்று பிரிப்பேன். முதல் படியில் தவறிய மாணவர், தான் கண்ட விதியின்படி அடுத்த படிகளை ஒழுங்காகச் செய்திருந்தால் அவற்றுக்குரிய புள்ளிகளைக் கொடுங்கள். ஒரே தவறுக்கு மூன்று முறை தண்டனை கூடாது.

ஆங்கில இலக்கணப் பிழைகளுக்குத் தரவு வினாக்களில் புள்ளி குறைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆராயும் திறனை அளக்க ஒரு வினாவைக் கொடுத்துவிட்டு, எழுதும் திறனுக்காகப் புள்ளியை வெட்டினால், அந்தப் புள்ளி எதையுமே அளப்பதில்லை. கட்டுரை வினாவில் மொழிநடைக்கென்று தனியாகச் சில புள்ளிகளை ஒதுக்கி, அதை வினாத்தாளிலேயே அறிவித்துவிடுங்கள்.

ஒலிக்குறியீடுகளை எந்த உச்சரிப்புக்கு ஏற்ப எழுதுவது?

பெரும்பாலான பாடநூல்களும் அகராதிகளும் பிரித்தானியாவின் தென்பகுதி உச்சரிப்பை வைத்தே எழுதப்பட்டவை. அதில் வழமையாக 44 ஒலியன்களைக் கணக்கிடுவார்கள். குறியீடுகளைப் பழகுவதற்கு அது உதவும். ஆனால் இலங்கையில் ஆங்கிலம் பேசுவோர் பலர் அப்படிப் பேசுவதில்லை. போவதற்கும் நாளுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களான "கோ", "டே" இரண்டிலும் பிரித்தானியர் ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்கு வழுக்கிச் செல்கிறார்கள். நம்மவர்கள் ஒரே நெடிலில் நிற்கிறார்கள். கால்நடை மருத்துவரைக் குறிக்கும் "வெட்", ஈரத்தைக் குறிக்கும் "வெட்" இரண்டும் நம்மில் பலரின் வாயில் ஒன்றே. இவை இலங்கை ஆங்கிலத்தின் இயல்புகள்.

வினாத்தாளில் எந்த உச்சரிப்பு என்று தெளிவாகக் குறிப்பிடுவது பரீட்சகரின் கடமை. குறிப்பிடாவிட்டால் தான் பேசும் விதத்தில் எழுதிய மாணவருக்குப் புள்ளி குறைப்பது நியாயமல்ல. கேட்டெழுதும் சோதனைக்கு, அகராதியில் இல்லாத, இட்டுக்கட்டிய சொற்களைப் பயன்படுத்துங்கள். தெரிந்த சொல்லைச் சொன்னால் மாணவர் காதை மூடிக்கொண்டு எழுத்துக்கூட்டலிலிருந்து ஊகித்து எழுதிவிடுவார்.

மர வரைபடம் போடுவதில் என்ன பயன்?

"பழைய தோட்டத்துப் பாடசாலை" என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பழையது தோட்டமா, பாடசாலையா? பழைய என்பது தோட்டத்தோடு முதலில் சேர்ந்தால் ஒரு பொருள். தோட்டத்துப் பாடசாலை முதலில் ஒன்றாகி, அதன் பின் பழைய சேர்ந்தால் வேறு பொருள். சொற்களும் வரிசையும் மாறவில்லை. சேர்க்கை மட்டும் மாறுகிறது. எந்தச் சொல் எதோடு முதலில் சேர்கிறது என்பதைக் கிளைகளாக வரைந்து கண்ணுக்குக் காட்டவே மரம். இரு பொருள் தரும் தொடர்களில் பழகிய பிறகு ஆங்கில வாக்கியங்களுக்குப் போங்கள். கிளைகளின் பெயர்களை மனனம் செய்வதில் தொடங்கினால் அலுத்துவிடும்.

ஒப்படையைக் கணினியிடம் எழுதி வாங்கலாமா?

வாங்கக் கூடாது. ஆசிரியர்களும் ஒப்படையை அதற்கேற்ப அமைக்க வேண்டும்: வீட்டில் ஒருவரின் பேச்சைச் சில நிமிடங்கள் பதிவு செய்து, அதிலிருந்து தரவு எடுத்து ஆராயச் சொல்லலாம். பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள், எதற்காக என்று விளக்குங்கள், ஒப்படையில் அவருடைய பெயரையோ தோட்டத்தின் பெயரையோ எழுதாதீர்கள். வீட்டுச் சண்டை, கடன், நோய் பற்றிய பேச்சு பதிவாகிவிட்டால் அந்தப் பகுதியை அழித்துவிடுங்கள்.

பிள்ளை இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

பெற்றோரின் இந்தக் கவலை நியாயமானது. ஆங்கிலம் கற்பிப்பவராகலாம், பதிப்புத் துறைக்குப் போகலாம். 1987இல் கொண்டுவரப்பட்ட அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. எனவே மும்மொழியும் தெரிந்த, மொழிபெயர்ப்பில் நுணுக்கம் அறிந்தவர்களின் தேவை அலுவலகங்களில் தொடர்ந்து இருக்கிறது. பேச்சுக் குறைபாடுகளுக்குப் பயிற்சியளிக்கும் துறைக்கு, களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் தனிப் பட்டப்படிப்பே உண்டு. மொழியியலின் ஒலியியல் பகுதி அங்கே அடிப்படை.

தமிழில் வாசிக்க ஏதாவது உண்டா?

பேராதனையில் கற்பித்த எம். ஏ. நுஃமானின் "அடிப்படைத் தமிழ் இலக்கணம்" நூலைப் பாருங்கள். இன்றைய எழுத்துத் தமிழை மொழியியல் நோக்கில் தெளிவாக விளக்குகிறது. உருபனியல் வகுப்புக்கு முன் நன்னூலின் பதவியலையும் ஒருமுறை புரட்டுங்கள். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று அது சொல்லைப் பிரிக்கும் முறை தெரிந்தவருக்கு, ஆங்கிலச் சொற்களைப் பிரிப்பது கடினமாக இராது.

சித்தியடையாவிட்டால்?

மீள்பரீட்சை இருக்கிறது. குறிப்பை மறுபடி முதலிலிருந்து வாசித்து நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் விடைகளை வினா வினாவாக நினைவுக்குக் கொண்டுவந்து, தரவைப் பிரிப்பதில் தவறினீர்களா, விதியை எழுதுவதில் தவறினீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். அந்த வகையில் பயிற்சிகளைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். நண்பர் ஒருவரோடு சேர்ந்து, ஒருவர் தரவு தயாரிக்க மற்றவர் விதி கண்டுபிடிப்பது இன்னும் நல்லது. ஆசிரியரைப் பார்க்க வரும்போது, செய்து முடிக்காத விடைத்தாளானாலும் கையில் எடுத்து வாருங்கள். எந்த வரியில் நின்றுபோனீர்கள் என்று காட்டினால், அங்கிருந்து தொடங்கலாம்.